பல ஆளிகள், ஓர் ஆளுகை: மலைச்சரிவு வளாகம் ஒன்றின் வலையமைப்பு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் கண்டி நகருக்குத் தென்மேற்கே, ஹந்தானை மலைத்தொடரின் அடிச்சரிவுகளில், மகாவலி கங்கையை ஒட்டிப் பரந்துள்ளது. 1942ஆம் ஆண்டில் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 1952ஆம் ஆண்டில் இங்கு இடம்பெயர்ந்தபோது சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் துணைவேந்தராக இருந்தார்; பிரித்தானிய நகரத் திட்டமிடல் அறிஞர் பற்றிக் அபர்குரொம்பியின் கருத்துகளை அடியொற்றி வளாகத் திட்டமும், கட்டடக்கலைஞர் ஷேர்லி த அல்விஸின் கைவண்ணத்தில் கட்டடங்களும் அமைந்தன. நிலத்தைச் சமப்படுத்திக் கட்டடங்களை நெருக்கி அடுக்காமல், சரிவின் ஏற்ற இறக்கத்துக்கு இசைவாக அவற்றை விலக்கி வைத்து, இடையே மரங்களுக்கும் வெளிகளுக்கும் இடம் விட்டதால் வளாகம் அழகு பெற்றது. அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி போன்ற மாணவர் இல்லங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கின்றன. 1964ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து வந்த பொறியியல் பீடம் ஆற்றின் மறுகரையில் அமைந்து, அக்பார் பாலத்தின் வழியே வளாகத்தின் ஏனைய பகுதிகளுடன் தொடர்புறுகின்றது.

கட்டடக்கலைக்குச் சிறப்பளித்த இந்த விலகல் கணினி வலையமைப்புக்கு ஒரு சிக்கலாகின்றது. அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் கணினிகளை இணைக்கும் செப்பு வடம், பரவலாக உள்ள ஈதர்நெற் தரநிலைகளின்படி, 100 மீற்றருக்கு மேல் செல்லலாகாது. ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும், பெரிய கட்டடமாயின் ஒவ்வொரு மாடியிலும், கணினிகளின் வடங்கள் வந்து சேரும் ஓர் இணைப்புக் கருவியை வைத்தே ஆக வேண்டும். பேச்சுவழக்கில் சுவிட்ச் எனப்படும் அக்கருவியே வலையமைப்பு ஆளி. பரந்த வளாகமொன்றில் இத்தகைய ஆளிகள் பூட்டிய அறைகளிலும் படிக்கட்டுகளின் அடியிலும் சுவர்ப்பெட்டிகளிலும் சிதறிக் கிடக்க, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தொழினுட்பவியலாளர் சிலரே இருப்பர். பல ஆளிகளை ஒரே கருவிபோல ஆளும் முறைகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. எனினும் "ஒரே கருவிபோல" என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன என்பதும், ஒருமை கூடக்கூடப் பணி எளிதாவதோடு ஒரு பிழை தாக்கக்கூடிய பரப்பும் கூடுகின்றது என்பதும் இத்துறையின் அடிப்படை உண்மைகள்.

ஆளி செய்யும் வேலை

கணினி ஒன்று அனுப்பும் தரவு, ஈதர்நெற் வலையமைப்பில், சட்டகம் எனப்படும் சிறு துண்டுகளாகப் பயணிக்கின்றது. ஒவ்வொரு சட்டகத்தின் தொடக்கத்திலும் பெறுநரின் முகவரியும் அனுப்புநரின் முகவரியும் இடம்பெறும். மக் முகவரி எனப்படும் இவை ஒவ்வொன்றும் 48 பிட் நீளமானவை, கருவி உற்பத்தியாகும்போதே அதற்கு வழங்கப்படுபவை. ஆளியின் முகப்பில் வரிசையாக உள்ள இணைப்புத் துளைகள் துறைகள் எனப்படும். 24 அல்லது 48 துறைகள் கொண்ட ஆளிகளே அலுவலகங்களில் மிகுதி. ஒரு துறை வழியே சட்டகம் வந்ததும் ஆளி அனுப்புநரின் முகவரியைப் படித்து, அம்முகவரி இன்ன துறைக்கு அப்பால் உள்ளது என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பின்னர் பெறுநரின் முகவரியை அதே அட்டவணையில் தேடி, கிடைத்தால் உரிய துறைக்கு மட்டும் சட்டகத்தை அனுப்பும், கிடைக்காவிடில் வந்த துறை தவிர்ந்த மற்றெல்லாத் துறைகளுக்கும் அனுப்பும். இந்த அட்டவணையை எவரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆளி தானே கற்றுக்கொள்கின்றது. ஈதர்நெற் ஆளியை 1990ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அமெரிக்காவின் கல்பனா. ஏழு துறைகள் மட்டுமே கொண்டிருந்த கருவியை விற்ற அந்நிறுவனத்தை 1994ஆம் ஆண்டில் சிஸ்கோ வாங்கியது.

தானே கற்கும் இயல்பில் ஓர் ஆபத்தும் உண்டு. இரு ஆளிகளுக்கு இடையே இரு வடங்கள் இருந்தால், பெறுநர் தெரியாத சட்டகம் ஒன்று முதல் வடத்தால் சென்று இரண்டாம் வடத்தால் திரும்பி, மீண்டும் மீண்டும் சுழலும். ஈதர்நெற் சட்டகத்துக்கு ஆயுள் வரம்பு இல்லையாதலால் சுழற்சி தானாக ஓயாது, சில கணங்களில் வலையமைப்பு முழுதும் திணறிவிடும். இதைத் தவிர்க்க 1985ஆம் ஆண்டில் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பேர்ள்மன் ஒரு நெறிமுறையை உருவாக்கினார்: ஆளிகள் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்றை வேராகத் தேர்ந்து, வேரிலிருந்து கிளைகளாக விரியும் மர அமைப்புக்கு உட்படாத இணைப்புகளை அடைத்து வைக்கும், திறந்துள்ள இணைப்பு அறுந்தால் அடைத்த இணைப்பைத் திறக்கும். பரப்பு மர நெறிமுறை எனப்படும் இது, நடு அதிகாரி இல்லாமலே பல ஆளிகள் கூடி ஒரு முடிவுக்கு வர இயலும் என்பதற்குத் தொடக்ககாலச் சான்றாகும்.

ஓர் ஆளிக்குள் நடப்பவற்றைப் பொறியியலாளர் மூன்று தளங்களாகப் பகுத்து நோக்குவர். சட்டகங்களைத் துறைக்குத் துறை கடத்துவது தரவுத் தளம். எந்த இணைப்பைத் திறப்பது, எதை அடைப்பது, எவ்வழி நல்வழி என்று முடிவு செய்வது கட்டுப்பாட்டுத் தளம். மனிதர் கட்டளையிடுவதும் ஆளி தன் நலம் பற்றி அறிக்கை தருவதும் முகாமைத்துவத் தளம். பல ஆளிகளை ஒன்றாக்கும் முறைகளுக்குள் உள்ள வேற்றுமை, இம்மூன்றில் எந்தத் தளம் ஒன்றாக்கப்படுகின்றது என்பதே.

தனித்தனியே ஆளுவதன் சுமை

ஒரு வளாகத்தில் 200 ஆளிகள் இருப்பதாகவும், பரீட்சைப் பிரிவின் கணினிகளை மாணவர் கணினிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டியிருப்பதாகவும் கொள்ளலாம். இதற்கெனத் தனி வடங்களை இழுப்பதில்லை. ஒரே ஆளியை ஒன்றோடொன்று பேசாத பல ஆளிகள்போல நடக்கச் செய்யும் மெய்நிகர் வலையமைப்புப் பிரிப்பு முறை, 1998ஆம் ஆண்டில் 802.1கியூ என்ற தரநிலையாக வெளிவந்தது. ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு பிரிவு எண் ஒட்டப்பட, 4094 பிரிவுகள் வரை அமைக்கலாம். ஆனால் புதிய பிரிவொன்றை உருவாக்குபவர், அப்பிரிவு கடந்து செல்லும் ஒவ்வோர் ஆளியிலும் புகுந்து அதே எண்ணை அறிவிக்க வேண்டும். வழியில் ஓர் ஆளி விடுபட்டாலும் அதற்கப்பால் உள்ளோர் துண்டிக்கப்படுவர், அவ்வாறு துண்டிக்கப்பட்டதற்குத் திரையில் எவ்விதப் பிழைச்செய்தியும் தோன்றாது.

கடவுச்சொல் மாற்றம், கருவிக்குள் பதிந்துள்ள மென்பொருளாகிய நிலைபொருளைப் பாதுகாப்புக் குறைபாடு நீங்க இற்றைப்படுத்தல், பழுதான துறையை அடைத்தல் என ஒவ்வொரு வேலையும் இவ்வாறே 200 மடங்காகின்றது. அதைவிட மோசமான விளைவு, ஆளிகள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல விலகிச் செல்வது: ஒரே அமைப்புடன் தொடங்கிய கருவிகள், அவசரத்தில் செய்த சிறு மாற்றங்களால், சில ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகிவிடும், எந்தத் துறையில் எது உள்ளது என்ற அறிவு ஏட்டில் இல்லாமல் ஒருவரின் நினைவில் மட்டும் தங்கிவிடும்.

இச்சுமையைக் குறைக்க எழுந்த முதற் பொதுவிடை எஸ்என்எம்பி என்னும் எளிய வலையமைப்பு முகாமைத்துவ நெறிமுறை. இது 1988ஆம் ஆண்டில் வெளியானது. ஆளிக்குள் இயங்கும் சிறு நிரல் ஒன்று, துறைகள் கடத்திய பைட்டுகளின் எண்ணிக்கை, பிழைகள், வெப்பநிலை முதலியவற்றை ஒழுங்கான பட்டியலாக வைத்திருக்க, நடு நிலையக் கணினி வேண்டும்போது அவற்றைக் கேட்டுப் பெறும். துறையொன்று செயலிழந்தால் கேட்காமலே ஆளி எச்சரிக்கை அனுப்பும். தொடக்கப் பதிப்புகளில் கடவுச்சொல்லுக்கு ஈடான சொல் மறைகுறியாக்கம் இன்றியே சென்றதால், பலர் இதைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தினர், கட்டளையிடப் பயன்படுத்தவில்லை. பாதுகாப்பு பொருந்திய மூன்றாம் பதிப்பு 2002ஆம் ஆண்டில் முழுத் தரநிலையாயிற்று. அதன் பின்னரும் நடு நிலையத்தின் பார்வையில் 200 ஆளிகளும் 200 கருவிகளாகவே இருந்தன.

ஒரு முகவரியின் கீழ் ஒரு கொத்து

ஒன்றாக்கும் முறைகளில் மிக மென்மையானது கொத்தாக்கல். சிஸ்கோவின் கொத்து முறையில் 16 ஆளிகள் வரை ஒரு குழுவாகும். அவற்றுள் ஒன்று கட்டளை ஆளியாகும், அதற்கு மட்டுமே வெளியிலிருந்து அணுகும் ஐபி முகவரி கட்டாயம் வேண்டும். அண்டை ஆளிகள் தம் பெயரையும் வகையையும் குறித்த இடைவெளியில் அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை ஒன்றினால் கட்டளை ஆளி தன்னைச் சூழவுள்ளவற்றைக் கண்டறிந்து, நிர்வாகி ஏற்றுக்கொண்டால் அவற்றைக் குழுவில் சேர்க்கும். அதன்பின் நிர்வாகி ஒரே வாயிலில் புகுந்து எந்த உறுப்பினரையும் அணுகலாம். எச்பி நிறுவனத்தின் புரோகேர்வ் ஆளிகளிலும் 16 கருவிகளை ஒரே முகவரியால் ஆளும் இத்தகைய வசதி இருந்தது.

இங்கு ஒன்றாவது முகாமைத்துவத் தளம் மட்டுமே. ஒவ்வோர் ஆளியும் தன் முகவரி அட்டவணையைத் தானே கற்கின்றது, பரப்பு மர நெறிமுறையில் தனி உறுப்பாகவே பங்கு கொள்கின்றது, தன் அமைப்புக் கோப்பைத் தன்னிடமே வைத்திருக்கின்றது. கட்டளை ஆளி செயலிழந்தால் ஏனையவை சட்டகங்களைக் கடத்துவதை நிறுத்துவதில்லை. அவற்றை நிர்வகிக்கும் வாயில் மட்டும் மூடுகின்றது. குறைந்த ஒருமை, குறைந்த ஆபத்து என்ற நிலை இது. உறுப்பினர்கள் சாதாரண வலையமைப்பு இணைப்புகளாலேயே தொடுக்கப்பட்டிருப்பதால், மலைச்சரிவின் வெவ்வேறு கட்டடங்களில் உள்ள ஆளிகளும் ஒரே கொத்தில் அடங்க முடியும். ஆனால் புதிய பிரிவு எண் ஒன்றைச் சேர்ப்பதற்கு உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சென்றே ஆக வேண்டும் என்ற பழைய சுமை பெரும்பாலும் அப்படியே எஞ்சுகின்றது.

ஓர் உடலாகிய அடுக்கு

அடுத்த படி அடுக்காக்கல். இதில் ஒரே இறாக்கையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திய ஆளிகளின் பின்புறத்தில் தனிவகைத் துறைகள் இருக்கும். அவற்றைக் குறுகிய தடித்த வடங்களால் மேலிருந்து கீழாகத் தொடுத்து, கடைசி ஆளியிலிருந்து முதல் ஆளிக்கும் ஒரு வடம் போட்டு வளையமாக்குவர். 2003ஆம் ஆண்டில் சிஸ்கோ வெளியிட்ட கற்றலிஸ்ட் 3750 வகையில் ஒன்பது ஆளிகள் வரை இவ்வாறு சேர்க்கலாம். வளையத்தின் கொள்ளளவு செக்கனுக்கு 32 கிகாபிட். 2008ஆம் ஆண்டில் ஜூனிப்பர் நிறுவனத்தின் ஈஎக்ஸ்4200 வகை 10 ஆளிகளையும் 128 கிகாபிட்டையும் எட்டியது. சிஸ்கோவின் பின்வந்த வகைகள் 480 கிகாபிட்டை அடைந்தன.

அடுக்கில் முகாமைத்துவத் தளத்துடன் கட்டுப்பாட்டுத் தளமும் ஒன்றாகின்றது. உறுப்பினருள் ஒன்று தலைமை ஆளியாகி, முழு அடுக்குக்கும் உரிய அமைப்புக் கோப்பை நடத்துகின்றது. வெளியிலிருந்து நோக்குபவருக்கு 48 துறைகளுள்ள ஒன்பது ஆளிகள் தெரிவதில்லை, 432 துறைகளுள்ள ஓர் ஆளியே தெரிகின்றது. பரப்பு மர நெறிமுறையிலும் அது ஒற்றை உறுப்பே. துறைகளின் பெயரிலும் இந்த ஒருமை வெளிப்படுகின்றது: கிகாபிட் ஈதர்நெற் 3/0/12 என்றால், மூன்றாம் உறுப்பினரின் 12ஆம் துறை என்று பொருள். நிர்வாகி ஒரு திரையில் அமர்ந்து ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள உறுப்பினர்களின் துறைகளை ஒரே கட்டளையால் ஒரு பிரிவில் சேர்க்கலாம்.

தலைமையை யார் ஏற்பது என்பதை ஆளிகளே தேர்தல் வைத்து முடிவு செய்கின்றன. 3750 வகையில் மின்சாரம் வந்ததும் தொடங்கும் 20 செக்கன் இடைவெளிக்குள் விழித்தெழும் ஆளிகளே முதல் தேர்தலில் பங்குபெறும். நிர்வாகி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 15 வரை ஒரு முன்னுரிமை எண் கொடுத்திருப்பார். எண் பெரிதாக உள்ள ஆளி தலைமை பெறும். எண்களும் ஏனைய தகுதிகளும் சமமாயின், மிகச் சிறிய மக் முகவரியைக் கொண்டது வெல்லும். முன்னுரிமை எண்ணை எவரும் மாற்றாத அடுக்கில் எல்லா ஆளிகளும் இயல்பான 1 என்ற எண்ணுடனே இருப்பதால், தலைமை பெரும்பாலும் மக் முகவரியால், அதாவது ஆளிகளுள் எது முன்னதாக உற்பத்தியானது என்பது போன்ற தற்செயலால் முடிவாகும். ஆகையால் அடுக்கை நிறுவும்போதே முன்னுரிமை எண்களை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

உறுப்பினர் ஒன்று பழுதானால் அடுக்கின் பயன் தெளிவாகப் புலப்படும். பழுதான ஆளியைக் கழற்றி, அதே வகையைச் சேர்ந்த புதிய ஆளிக்கு அதே உறுப்பினர் எண்ணைக் கொடுத்து வடங்களைப் பொருத்தினால், தலைமை ஆளி தன்னிடமுள்ள கோப்பிலிருந்து அவ்விடத்துக்குரிய அமைப்பைப் புதியதற்கு வழங்கிவிடும்; நிலைபொருட் பதிப்பு வேறுபட்டால், பொருத்தமான பதிப்பை அதற்கு அனுப்பி இற்றைப்படுத்தவும் பல வகைகளில் வழியுண்டு. மாற்றுபவர் வலையமைப்பு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு பயன் இணைப்புத் திரட்டல்: வளாகத்தின் நடு நிலையத்துக்குச் செல்லும் இரு ஒளியிழை வடங்களை அடுக்கின் இரு வேறு உறுப்பினர்களில் பொருத்தி, இரண்டையும் ஒரே இணைப்பாகக் கருதச் செய்யலாம். அப்போது பரப்பு மர நெறிமுறை ஒன்றை அடைத்து வைக்க வேண்டிய தேவையின்றி இரண்டும் வேலை செய்யும். ஓர் உறுப்பினர் முழுதாகச் செயலிழந்தாலும் மற்றையது வழியாகப் போக்குவரத்து தொடரும்.

இடியும் மின்வெட்டும்

கண்டிச் சுற்றுவட்டாரத்தில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும், பிற்பகல்களில் இடி மின்னலுடன் மழை பெய்வது வழக்கம். கட்டடங்களுக்கு இடையே செப்பு வடம் இழுத்திருந்தால், மின்னலால் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் அவ்வடம் வழியே ஓடி இருபுறத்து ஆளிகளையும் கருக்கக்கூடும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. தூர வரம்பும் அதற்குப் பல மடங்கு அதிகம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஒளியிழை, கட்டடத்துக்குள் செம்பு என்ற பகுப்பு இதனால் கட்டாயமாகின்றது.

இடி மழையோடு வரும் மின்வெட்டு அடுக்கின் நுண்ணிய பண்பொன்றை வெளிக்கொணரும். இறாக்கையின் ஆளிகளுள் சில தடையிலா மின்வழங்கியிலும் சில நேரடி மின்சாரத்திலும் பொருத்தப்பட்டிருந்தால், மின்சாரம் போனதும் அடுக்கு பாதி உறுப்பினருடன் இயங்கும். அணைந்த பாதியில் தலைமை ஆளி இருந்திருந்தால், எஞ்சியவற்றுள் புதிய தலைமை எழும். மின்சாரம் மீண்டதும் பழைய தலைமை ஆளி, முன்னுரிமை எண் எவ்வளவு பெரிதாயினும், சாதாரண உறுப்பினராகவே சேரும். இயங்கும் தலைமையை அது வெளியேற்றாது. தலைமை மாறும்போது அடுக்கின் பொதுவான மக் முகவரியும் மாறிவிடுவதுண்டு, ஏனெனில் அது தலைமை ஆளியின் முகவரியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அண்டைக் கருவிகள் இதைப் புதிய கருவி எனக் கருதி இணைப்புகளை மறுபடி அமைக்கும்போது சிறு இடையூறு ஏற்படும். முகவரியை மாறாமல் நிலைநிறுத்தும் கட்டளை ஒன்று இதற்கென்றே உண்டு.

வளையத்தின் ஒரு வடம் மட்டும் கழன்றால் அடுக்கு உடையாது. எதிர்த்திசையில் சட்டகங்கள் செல்லும், கொள்ளளவு பாதியாகும். இரண்டு இடங்களில் வடம் அறுந்தால் நிலைமை வேறு. அடுக்கு இரண்டாகப் பிளந்து, தலைமையை இழந்த பகுதி தனக்கென ஒரு தலைமையைத் தேர்ந்துகொள்ளும். இரு பகுதிகளிடமும் ஒரே அமைப்புக் கோப்பு இருப்பதால் இரண்டும் ஒரே ஐபி முகவரியைத் தமதென்று கூறும். இந்த இரட்டைத் தலைமை நிலையில், வலையமைப்பு முழுதாக நிற்காமல், சிலருக்கு வேலை செய்தும் சிலருக்கு விட்டுவிட்டு வேலை செய்தும் குழப்பும். முழுப் பழுதைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். அறுந்த வடத்தை மின்சாரம் ஓடும்போதே மீளப் பொருத்தினால், இரு தலைமைகளும் போட்டியிட, தோற்ற பகுதியின் ஆளிகள் மறுதொடக்கம் செய்துகொள்ளும். பழுதை நீக்கியவரே சில நிமிடங்களுக்குப் புதிய பழுதுக்குக் காரணமாவார்.

ஒருமையின் விலை இங்கு தெளிவாகின்றது. கொத்தில் ஓர் ஆளியின் மென்பொருள் தவறினால் அந்த ஆளி மட்டுமே வீழும். அடுக்கில் தலைமையின் மென்பொருளில் உள்ள வழு அத்தனை உறுப்பினரையும் ஒரே நேரத்தில் தாக்கக்கூடும், நிலைபொருளை மாற்றும்போதும் அடுக்கு முழுவதும் சேர்ந்தே மறுதொடக்கம் பெறுவது வழமை. பின்வந்த வகைகளில் தலைமைக்கு அருகிலேயே ஒரு மாற்றுத் தலைமை எல்லாத் தகவலையும் கணத்துக்குக் கணம் படியெடுத்துக்கொண்டிருப்பதால் தலைமை மாற்றம் விரைவாகின்றது. எனினும் இருவரும் ஒரே மென்பொருளையே இயக்குவதால் அதன் வழுவிலிருந்து தப்ப அது உதவாது.

ஆளிகளுக்கு வெளியே ஒரு மூளை

மூன்றாம் முறை கட்டுப்பாட்டுத் தளத்தை ஆளிகளிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கணினியில் வைக்கின்றது. 2007ஆம் ஆண்டில் மார்ட்டின் கசாடோவும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஈதேன் ஆய்வும், 2008ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிக் மக்கியூனும் பிறரும் முன்வைத்த ஓப்பன்ஃபுளோ நெறிமுறையும் இதற்கு அடித்தளமிட்டன. ஓப்பன்ஃபுளோ முதலில் முன்மொழியப்பட்டது பல்கலைக்கழக வளாக வலையமைப்புகளில் ஆய்வு செய்வதற்காகவே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இம்முறையில் ஆளியிடம் இருப்பது "இத்தகைய சட்டகம் வந்தால் இதைச் செய்" என்ற விதிகளின் அட்டவணை மட்டுமே. விதிகளை எழுதுவது கட்டுப்படுத்தி எனப்படும் நடு மென்பொருள். கண்டிக்கு அண்மையில், 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் தடுப்பணையிலிருந்து எவ்வளவு நீரைத் திருப்புவது, கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவு விடுவது என்ற முடிவு மகாவலி முறைமை முழுவதையும் நோக்கி ஓரிடத்தில் எடுக்கப்பட, மதகுகள் அந்தந்த அணையிலேயே இயங்குவதைப் போன்ற பிரிவினை இது.

ஓரிடத்திலிருந்து முழு வலையமைப்பையும் காணும் கட்டுப்படுத்தி, தனித்தனி ஆளிகளால் எடுக்க இயலாத முடிவுகளை எடுக்கின்றது. கூகிள் தன் தரவு மையங்களை இணைக்கும் பீ4 என்னும் வலையமைப்பை இவ்வாறு நடத்துவதை 2013ஆம் ஆண்டில் விவரித்தது. அவசரமற்ற தரவை ஒதுக்கி, அவசரமானதற்கு வழிவிட்டு, இணைப்புகளை அவற்றின் முழுக் கொள்ளளவுக்கு நெருக்கமாகப் பயன்படுத்த அதனால் முடிந்தது.

ஆனால் ஓரிடத்துக் கட்டளை எங்கும் செல்லும் அமைப்பில், ஓரிடத்துத் தவறும் எங்கும் செல்லும். 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தில், உலகளாவிய முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிட வழங்கப்பட்ட ஒரு பராமரிப்புக் கட்டளை, எதிர்பாராத விதமாக எல்லா இணைப்புகளையும் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுக்க வேண்டிய மென்பொருளில் இருந்த வழு அதைத் தடுக்கத் தவறியது. பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பொறியியலாளர் தொலைவிலிருந்து பழுதைச் சீர்செய்யப் பயன்படுத்தும் வழிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால், அவர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய நிலைக்கு மாற்று மருந்தும் முகாமைத்துவ நெறிமுறைகளிலேயே உண்டு. 2006ஆம் ஆண்டில் வெளியான நெற்கொன்ஃப் நெறிமுறையில், நிர்வாகி ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாகச் செயற்படுத்தி, குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யலாம்; உறுதி வராவிடில் கருவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். வேறு நேரம் குறிக்கப்படாதபோது அந்தக் கெடு 600 செக்கன். மாற்றம் தவறாகி நிர்வாகியின் சொந்த இணைப்பே அறுந்துவிட்டாலும், 10 நிமிடத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். மழையில் மலையேறிப் பூட்டிய அறையைத் திறக்க வேண்டியதில்லை.

எல்லையை எங்கே வகுப்பது

பேராதனை போன்ற வளாகத்துக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. வெவ்வேறு ஒருமைகள் வெவ்வேறு பரப்புகளுக்குப் பொருந்துகின்றன. அடுக்கின் வடங்கள் பொதுவாக அரை மீற்றர், ஒரு மீற்றர், மூன்று மீற்றர் நீளங்களில் வருவதால் அதன் இயற்கையான எல்லை ஓர் அறை. சில நிறுவனங்களின் கருவிகளில் ஒளியிழை வழியே கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆளிகளையும் ஒரே அடுக்காக்க முடியும். ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஆளிகளை அவ்வாறு ஒன்றாக்குவது தொழினுட்பத்தில் இயலக்கூடியதே. ஆயினும் பாலத்தின் வழியே செல்லும் வடம் அறுந்தால் ஏற்படுவது சாதாரண இணைப்புத் துண்டிப்பாக இராது, இரட்டைத் தலைமையாகிவிடும். தனித்தனி ஆளிகளாக இருந்திருப்பின் இரு கரைகளும் தத்தமக்குள் ஒழுங்காக இயங்கி, ஒன்றையொன்று அடைவதில் மட்டுமே தடை கண்டிருக்கும்.

எனவே அறைக்குள் அடுக்கு, கட்டடங்களுக்கு இடையே தனித்தனிக் கருவிகள், அவற்றை நடு நிலையத்தோடு தொடுக்க வெவ்வேறு பாதைகளில் செல்லும் இரு ஒளியிழை வடங்கள் என்பது நிதானமான அமைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றாக வேண்டியது முகாமைத்துவத் தளம்: ஒவ்வோர் அடுக்கும் எப்படி இருக்க வேண்டும் என்பதை நடு நிலையத்தில் கோப்பாக எழுதி வைத்து, மென்பொருளைக் கொண்டு அதை ஆளிகளுக்கு வழங்கி, விலகியவற்றைக் கண்டறிவது. மாற்றத்தை 200 இடங்களுக்கும் ஒரே கணத்தில் அனுப்பாமல், முதலில் ஒரு விடுதிக்கு, பின்னர் ஒரு பீடத்துக்கு, அதன்பின் முழு வளாகத்துக்கு என்று படிப்படியாக அனுப்பினால், எழுதும் வேலை ஒருமுறையோடு முடிய, பிழையும் ஒரு கட்டடத்துக்குள் அடங்கும்.

வளாகத்துக்கு வெளியேயும் இதே கொள்கை பெரிய அளவில் தொடர்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகம் லேர்ன் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் உறுப்பினர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவவின் முன்முயற்சியால் 1990ஆம் ஆண்டில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கிய இது, படிப்படியாக நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பாக வளர்ந்தது; 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் வளாகங்கள் மூடப்பட்டபோது பல்கலைக்கழக விரிவுரைகளை இணையவழியில் நடத்த உதவியது. லேர்ன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வாயில் வரை ஒரே நிர்வாகமாக நிற்கின்றது; வாயிலுக்கு உள்ளே அந்தந்தப் பல்கலைக்கழகமே பொறுப்பு. ஒரு வளாகத்தின் உள்ளே நேரும் சுழற்சிப் புயல் அடுத்த வளாகத்தை எட்டாமல் தடுப்பது இந்த எல்லைக்கோடே.

ஆளிகளை ஒன்றாக்கும் தொழினுட்பங்கள் விற்பனைக்கு வரும்போது எத்தனை கருவிகளை ஒரே திரையில் ஆளலாம் என்ற எண்ணே முன்னிறுத்தப்படும். நிறுவுபவர் அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவற்றுள் எவை ஒன்றாக வீழ்ந்தால் தாங்கிக்கொள்ள முடியும்? ஒரு மாடியின் ஐந்து ஆளிகள் ஒன்றாக வீழ்வதை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம்; பரீட்சை நாளில் இரு கரைகளும் ஒன்றாக வீழ்வதைப் பொறுக்க முடியாது. அக்கேள்விக்குரிய விடையே அடுக்கின் எல்லையையும், கட்டளை ஒரே நேரத்தில் எட்டக்கூடிய எல்லையையும் வகுக்கின்றது.